எண்ணெய் போட்டவன்

இரும்பைப் பார்த்தால் மருதாசலத்துக்குக் கை சும்மா இருக்காது. மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே அவன் அப்பனுக்கு மூன்று ஏக்கரா மேட்டுக்காடு. மழை பெய்தாலும் பொய்த்தாலும் அதில் ஆமணக்கு மட்டும் ஏமாற்றாமல் வந்துவிடும். அதன் கொட்டைமுத்தை வறுத்து, இடித்து, காய்ச்சி எடுத்த விளக்கெண்ணெய் அந்த வீட்டில் எந்த மாதமும் ஒரு பானை இருக்கும். பிறந்த பிள்ளையின் நாக்கில் தடவுவதும் அதுதான். வைக்கோல் கரியோடு குழைத்து வண்டி அச்சுக்கு மசகு போடுவதும் அதுதான். கிணற்று உருளை கிறீச்சிட்டால் ஒரு கரண்டி, அரிவாள் மங்கினால் ஒரு விரல், கதவுக் கீல் அழுதால் இரண்டு சொட்டு. இரும்புக்கு எண்ணெய் வைக்காமல் விடுவது மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் விடுவதற்குச் சமம் என்று அவன் அப்பன் அடிக்கடி திட்டுவார். அந்தத் திட்டை வாங்கியே வளர்ந்தவன் மருதாசலம்.

பதினெட்டு வயதில் சேலம் - திருச்செங்கோடு பஸ்ஸில் வண்டி துடைக்கச் சேர்ந்தான். இருபத்தைந்தில் டிரைவரானான். பாப்பாயியைக் கட்டிக்கொண்டு நாலு வருஷம் ஆனபோது யுத்தம் வந்து பெட்ரோலை விழுங்கியது. முதலாளி பாதி வண்டிகளை நிறுத்தினார். மீதி வண்டிகளின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, பெட்ரோலுக்குப் பதில் அந்தப் புகையில் ஓட்டச் சொன்னார். ஏற்காடு அடிவாரம் வரைகூட இழுக்காத அந்த வண்டியில் ஒரு வருஷம் புகை குடித்துவிட்டு, 1941-ல் சேலத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது மருதாசலம் வரிசையில் போய் நின்றான். லாரி ஓட்டத் தெரிந்தவன் என்றதும் நெஞ்சளவைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சேர்த்துக்கொண்டார்கள்.

கப்பலில் பாஸ்ரா. அங்கிருந்து பாரசீகத்து மலைகள். ரஷ்யாக்காரர்களுக்குப் போக வேண்டிய சர்க்கரையையும் டயரையும் வெடிமருந்தையும் லாரி லாரியாக வடக்கே கொண்டுபோய்க் கொடுப்பது அவர்கள் வேலை. முதல் கோடையில் நாக்கு வறண்டது. அது சேலத்துக்காரனுக்குப் புதிதல்ல. கார்த்திகை பிறந்ததும்தான் அந்த நாடு தன் முகத்தைக் காட்டியது. மார்கழிக் குளிருக்கு ஒரு பருத்திப் போர்வையோடு சரிக்கட்டிப் பழகியவன் அங்கே இரண்டு கம்பளிச் சட்டை, அதன்மேல் தோல் சட்டை, அதன்மேல் முழங்காலுக்குக் கீழே தொங்கும் பெரிய கோட்டு எல்லாம் போட்டும் பல் கிட்டிப்போய் நின்றான். குவளையில் ஊற்றிய தேநீர் பாதி குடிப்பதற்குள் விளிம்பில் உறைந்து கட்டியது. மீசையில் மூச்சு உறைந்து முள்ளாகக் குத்தியது. காலையில் வண்டிக்கு அடியில் நெருப்பு மூட்டி, அடி வயிற்றைச் சூடாக்கிய பிறகுதான் எஞ்சின் உயிர் பிடிக்கும். வெறுங்கையால் கைப்பிடியைத் தொட்டால் தோல் அங்கேயே தங்கிவிடும்.

அந்தக் குளிரில் அவனுக்குக் கிடைத்த ஒரே சூடு தீர்த்தகிரியின் பேச்சு. வாழப்பாடி தாண்டி இரண்டு மைலில் கல்மேடு என்ற ஊர்க்காரன். அதே லாரிக்கு இரண்டாவது டிரைவர். வாய் ஓயாது.

"கவுண்டரே, எங்க ஊரு பக்கம் வந்தா ரோட்டுல நின்னு என் பேரைச் சொல்லுங்க. பாக்குத் தோப்பு வழியாக் கூட்டிப்போயி கறிச்சோறு போடுவா எம் பொண்டாட்டி. ஒரே ஒரு குறை, காரம், கண்ணுல தண்ணி வரும்."

"பேரு என்ன?"

"செல்லியம்மா. பாருங்க, தேங்காயெண்ணெ அனுப்பியிருக்கா. கடலைத் தாண்டி வந்திருக்குது. தலைக்குத் தேச்சுக்கோன்னு. தலையத் தொறக்கவே முடியாத ஊருக்கு வந்திருக்கோம்னு அவளுக்கு யாரு சொல்றது?"

அந்த எண்ணெய் புட்டிக்குள் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இறுகிக் கிடந்தது. அடுப்பில் காட்டி உருக்கித்தான் தேய்ப்பான். மருதாசலத்தின் பெட்டியிலும் ஒரு புட்டி இருந்தது. அது பாப்பாயி கொடுத்தனுப்பிய விளக்கெண்ணெய்.

அவர்கள் லாரி வரிசையில் கடைசி வண்டி. கடைசி வண்டிக்குத்தான் ஆபத்து. மலையில் பசி இருந்தது. பசியோடு சேர்ந்து திருட்டும் இருந்தது. ஏற்றத்தில் வண்டி ஊர்ந்து போகும்போது பின்னால் ஏறி, கயிற்றை அறுத்து, மூட்டையை உருட்டிவிடுவார்கள். ரைபிளைத் தோளில் மாட்டிக் காட்டிக்கொண்டு போன ஒரு டிரைவரை, அந்த ரைபிளுக்காகவே மடக்கிக் கொன்றார்கள். அதற்குப் பிறகு லெப்டினன்ட் துரை வேறு யோசனை செய்தார். கடைசி வண்டிக்கு ஒரு ரிவால்வர். அது இருப்பது வெளியே தெரியவே கூடாது. வண்டி ஓட்டாதவன் உடம்பில் அது இருக்க வேண்டும்.

ஆயுதங்களைப் பார்த்துக்கொள்கிற பஞ்சாபி அவில்தார் அதை வைத்துக்கொள்ளும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். பாதி இந்துஸ்தானி, பாதி கைச்சாடை. முதலில் ரிவால்வரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி, இருந்த எண்ணெயை எல்லாம் துடைத்து எடுத்தார். உள்ளே துணி விட்டுத் துடைத்து, அந்தத் துணியை மருதாசலத்தின் மூக்குக்கு நேரே காட்டினார். பிசுக்கில்லை.

"தேல் நஹி," என்றார். எண்ணெய் கூடாது. விரலை மடக்கி, மெல்ல மெல்ல நகர்த்தி, நடுவில் நிறுத்திக் காட்டினார். குளிரில் எண்ணெய் பசையாகிவிடும், உள்ளே இருக்கும் சிறு சிறு உறுப்பெல்லாம் அதில் சிக்கிக்கொள்ளும். இரண்டாவது, கூடாரத்தில் அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதே. சூட்டுக்கு வந்தால் இரும்பு வேர்க்கும், மறுபடி வெளியே போனால் வேர்வை உள்ளேயே பனிக்கட்டியாகும். குளிரில் இருப்பது குளிரிலேயே இருக்கட்டும். மூன்றாவது, வெறுங்கையால் தொடாதே. நாளுக்கு நாலு தடவை குண்டை எடுத்துவிட்டு விசையை இழுத்துப் பார். காய்ந்த இரும்பு எந்தக் குளிரிலும் வேலை செய்யும்.

மருதாசலம் தலையை ஆட்டினான். மனம் ஆடவில்லை. எண்ணெயே படாத இரும்பை அவன் பிறந்தது முதல் பார்த்ததில்லை.

தீர்த்தகிரி கிழிந்த கம்பளத்துண்டில் ஒரு பை தைத்து, பெரிய கோட்டின் உள்பக்கம், இடது அக்குளுக்குக் கீழே வைத்துப் பிடித்தான். கோட்டின் பொத்தான் ஒன்றைப் பிய்த்து, கையுறையோடு இழுத்தாலும் அவிழ்கிற மாதிரி முடிச்சுப் போட்டான். வலது கையுறையில் ஆள்காட்டி விரலின் நுனியை வெட்டி, மூடித் திறக்கிற மாதிரி ஒரு மடிப்பு தைத்தான். கூடாரத்துக்கு வெளியே நின்று கோட்டைத் திறந்து எடுப்பதும் வைப்பதுமாகப் பழகினான்.

"தெரியுதாய்யா?" என்று பக்கவாட்டில் திரும்பி நின்று கேட்டான்.

"அஞ்சாம் மாசம் மாதிரி தெரியுது."

"புள்ள பொறந்தா உங்க பேரைத்தான் வைக்கணும். நடக்கும்போது இடுப்பைப் புடிச்சுக்கிட்டு நடக்கறேன், வழில பாக்கறவன் பாவம் பிள்ளைத்தாச்சின்னு விட்டுருவான்."

நாள் விட்டு நாள் ஓட்டுவது மாறும். ரிவால்வரும் ஆள் மாறும். யாரிடம் இருக்கிறதோ அவன் அன்று சாயங்காலம் துடைத்து வைக்க வேண்டும். தை மாதத்தில் ஒரு நாள் பனியும் மழையும் கலந்து கொட்டியது. அன்று அது மருதாசலத்திடம் இருந்தது. நிறுத்தத்தில் தீர்த்தகிரி ரேஷன் வாங்கப் போயிருந்தான். மருதாசலம் ரிவால்வரைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தபோது குண்டு உருளைக்குப் பக்கத்தில் செம்மண் தூவினாற்போல நாலைந்து புள்ளி. துரு.

நாளைக்கு இது தீர்த்தகிரியின் கோட்டுக்குள் போகும். அவசரத்தில் இழுக்கும்போது துருப்பிடித்துச் சிக்கினால் என்ன ஆவது? அவில்தார் தூரத்தில் இருந்தார். அவர் சொன்னது வேற்றுமொழி. எண்ணெய் பெட்டியிலேயே இருந்தது. மருதாசலம் புட்டியைக் கூடார அடுப்பில் காட்டி இளக்கி, ரிவால்வரையும் அடுப்புப் பக்கம் கொண்டுவந்து, இரண்டு சொட்டு விட்டான். பிறகு இன்னும் இரண்டு. உருளையைச் சுற்றிவிட்டான், மசகு போட்ட வண்டிச் சக்கரம் போலச் சத்தமில்லாமல் ஓடியது. விசையை இழுத்தான், வெண்ணெயாய் இருந்தது. நிம்மதியாக இருந்தது அவனுக்கு. அவில்தார் கண்ணில் படாமல் இருக்க வெளியே மட்டும் நன்றாகத் துடைத்துவிட்டான். தீர்த்தகிரியிடம் சொல்லவில்லை. சொன்னால் மாட்டுவண்டிக்காரன் என்று நாலு நாள் கேலி செய்வான்.

மறுநாள் காலை தீர்த்தகிரி அதை வாங்கிப் பையில் செருகிக்கொண்டான். காய்ந்த இரும்பு, குளிர் பட்டாலும் ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கையில் கோட்டைத் தளர்த்திப் போட்டுக்கொண்டு ஏறினான்.

கணவாயில் பாதி ஏற்றத்தில் வண்டி பனியில் புதைந்தது. முன்னால் போன வண்டிகள் வளைவில் மறைந்துவிட்டன. மருதாசலம் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்ட வண்டிக்கு அடியில் புகுந்தான். தீர்த்தகிரி மண்வெட்டியால் பனியை வாரிக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் கையில் கடப்பாரை. உதவி செய்ய வந்தவர்கள் போலத்தான் முதலில் நின்றார்கள். பிறகு ஒருவன் வண்டியின் பின்னால் போய்க் கத்தியால் கயிற்றை அறுக்கத் தொடங்கினான்.

அடியில் படுத்திருந்த மருதாசலத்துக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. தீர்த்தகிரியின் பூட்ஸ் இரண்டடி பின்னால் நகர்ந்து ஊன்றி நின்றது. முடிச்சு அவிழ்கிற சத்தம். மற்ற கால்கள் நின்றன. ரிவால்வரைப் பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தது. அப்படியே ஓடிவிடுவார்கள் என்று மருதாசலம் நினைத்தான். கடப்பாரைக்காரனின் கால் ஒன்று மட்டும் முன்னால் வந்தது.

வெடிச் சத்தம் வரவில்லை. பாகில் விழுந்த கல் மாதிரி ஒரு மொத்தல். அவ்வளவுதான். மறுபடி இரும்பு முனகும் சத்தம், உருளை திரும்பவில்லை. மருதாசலம் உருண்டு வெளியே வருவதற்குள் கடப்பாரை இறங்கிவிட்டது. வளைவில், முன்னால் போன லாரி ஒன்று திரும்பி வரும் சத்தம் கேட்டதும் மூன்று பேரும் ஒரு சர்க்கரை மூட்டையோடு சரிவில் மறைந்தார்கள்.

தீர்த்தகிரிக்கு நினைவு இருந்தது. தன்னை மடியில் போட்டுக்கொண்ட மருதாசலத்தைப் பார்த்தான். கையுறைக் கை முகத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

"என்னா கவுண்டரே," என்றான். "வெளக்கெண்ணெ வாசம் அடிக்குது."

குற்றம் சொல்கிற குரல் அல்ல அது. தெரியாததைக் கேட்கிறவன் குரல். மருதாசலம் அந்தக் கையை எடுத்துக் கோட்டுக்குள் வைத்து மூடினான். கீழே இறக்கிக்கொண்டு போகிற வழியில் தீர்த்தகிரியின் உயிர் போய்விட்டது.

மூன்றாம் நாள் விசாரணை. மேசைக்குப் பின்னால் லெப்டினன்ட் துரை. பக்கத்தில் அவில்தார், கழற்றிப்போட்ட ரிவால்வரோடு. உள்ளே சந்தனக் குழம்பு மாதிரி எண்ணெய் இறுகியிருந்தது. அவில்தார் இறந்தவனின் பெட்டியிலிருந்து எடுத்த தேங்காயெண்ணெய்ப் புட்டியையும் மேசையில் வைத்தார். மருதாசலத்தின் புட்டி அங்கே இல்லை. முதல் நாளே அதைப் பனியில் புதைத்துவிட்டான்.

மொழிபெயர்க்க வந்த குமாஸ்தா தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், நல்ல மனிதர். "அவன் பெட்டியில் எண்ணெய் இருந்தது. அவன்தானே போட்டான் என்று துரை கேட்கிறார்," என்றார். பிறகு தணிந்த குரலில், "ஆமென்று சொல்லிவிடப்பா. செத்தவனுக்கு இனிமேல் என்ன தண்டனை? நீ வீடு போய்ச் சேர வேண்டாமா?"

மருதாசலம் தலையை ஆட்டினான். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். அன்று அவனுக்கு முன்னால் இருந்தது பட்டாளத்துச் சிறையும் பாப்பாயியின் முகமும்தான். கல்மேட்டில் இருந்த முகத்தை அவன் பார்த்ததில்லை.

1946-ல் ஊர் திரும்பினான். நன்னடத்தைச் சான்றிதழில் துரைமார்கள் அருமையாக எழுதியிருந்தார்கள். பழைய முதலாளி அதைப் பார்த்ததும் வேலை கொடுத்தார். திருச்செங்கோட்டு வழி கேட்டான். ஆத்தூர் வழிதான் காலி என்றார். அந்த வழி வாழப்பாடியைத் தாண்டிப் போகிறது. நாளுக்கு இரண்டு தடவை கல்மேடு போகிற வண்டித்தடத்தை அவன் கடக்க வேண்டும். அங்கே யாராவது கை காட்டினால் நிறுத்துவான். முகத்தைப் பார்க்காமல் கிளப்புவான்.

ஐப்பசியில் ஒரு நாள் அந்தத் தடத்தில் மூன்று பெண்கள் ஏறினார்கள். இருவர் முன்பக்கம் உட்கார்ந்தார்கள். மூன்றாவது பெண் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்து நின்றாள். முப்பதுக்குள்தான் இருக்கும். தலைமயிர் எண்ணெயே காணாமல் செம்பட்டை பாய்ந்து, தேங்காய் நார் மாதிரி பறந்தது.

"உக்காரச் சொல்லேன், இடம் இருக்குல்ல," என்றாள் முன்னால் இருந்தவளில் ஒருத்தி.

"அவளா? எண்ணெ அனுப்பிப் புருசனைக் கொன்னவ. எம் பக்கத்துல வேண்டாம் தாயே."

"அது நெசந்தானா?"

"மணியக்காரர் பட்டாளத்துக் காயிதத்தைப் படிச்சுச் சொன்னாரே. துப்பாக்கிக்கு ஊட்டு எண்ணெயப் போட்டு, அது வெடிக்காமப் போயித்தான் செத்தானாம். மாமியாக்காரி அன்னைக்கே புடுங்கி எறிஞ்சா எண்ணெப் புட்டிய. இவளும் அன்னையிலருந்து தலைக்கு ஒரு சொட்டு வைக்கறதில்ல. விதவை வைக்கக்கூடாதுன்னு இல்ல, தானா விட்டுட்டா. வெளக்குக்கும் ஊத்த மாட்டாளாம். மாமியாதான் ஏத்தறது."

மருதாசலம் அதற்குப் பிறகு ஆத்தூர் வரை வண்டியை எப்படிக் கொண்டுபோனான் என்று அவனுக்கே தெரியாது.

பாப்பாயியிடம் அன்றைக்குத்தான் முதல் முறையாகச் சொன்னான். அவள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து முழுவதும் கேட்டாள்.

"போயிச் சொல்லோணும்னு இருக்குது," என்றான்.

"மூணு வருசம் கழிச்சு," என்றாள். "சொல்லிப்போட்டு வாங்க. ஆனா அந்த எண்ணெய நானு காய்ச்சிக் குடுத்தது. பழிய இன்னொருத்தி தலையிலருந்து எறக்கி எம்பட தலையில வெச்சுப்போட்டு வந்தராதீங்க."

விடுமுறை நாளில் தடத்தில் இறங்கிக் கல்மேட்டுக்கு நடந்தான். செல்லியம்மாள் காட்டில் மற்ற பெண்களை விட்டுத் தள்ளி உட்கார்ந்து நிலக்கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். தான் யாரென்று சொன்னான். எழுந்து நின்றாள். எல்லாவற்றையும் அடுக்கடுக்காகச் சொன்னான்: துரு, அடுப்பு, நாலு சொட்டு, கணவாய், விசாரணை.

அவள் கையில் இருந்த கடலைக்கொடியின் மண்ணை உதறிக்கொண்டே இருந்தாள்.

"தேங்காயெண்ணெ இல்லீங்களா அது?"

"இல்லீங்க அம்மணி. வெளக்கெண்ணெ. எம்பட ஊட்டு எண்ணெ."

"நான் அனுப்பினதைத் தலைக்குத் தேச்சாரா?"

"தேச்சானுங்க. கட்டியாயிரும். அடுப்புல காட்டி உருக்கித் தேப்பான். யாருக்கும் ஒரு சொட்டுக் குடுக்க மாட்டான்."

அவள் முகம் ஒரு கணம் வேறு மாதிரி ஆனது. உடனே இறுகியது.

"இதை எங்கிட்டச் சொல்லி என்னங்கண்ணா ஆவுது? எங்க மாமியா முன்னாடி சொல்லுங்க. ஊர் முன்னாடி சொல்லுங்க."

"சொல்றனுங்க. அதுக்குத்தான் வந்தேன்."

சாயங்காலம் களத்தில் கூடினார்கள். தீர்த்தகிரியின் தாய் அங்காளம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். மணியக்காரர் அருணகிரி, தகரப் பெட்டியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். இங்கிலீஷ் தெரிந்தவர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான். மருதாசலம் நின்றபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தான்.

மணியக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தில் விரலை ஓட்டினார். "இதுல சாட்சி டிரைவர் மருதாசலம்னு போட்டிருக்கு. அது யாரு?"

"நானுங்க."

"வீட்டிலிருந்து வந்த எண்ணெயை இறந்தவரே போட்டார்னு சொன்னது நீதானே?"

"நானுங்க. அது பொய்யிங்க."

"அப்ப சத்தியம் பண்ணிப் பொய் சொன்னே."

"ஆமாங்க."

"பொய் சொல்றவன்னு நீயே ஒத்துக்கிறே. அப்புறம் இன்னைக்குச் சொல்றதை மட்டும் நாங்க எப்படி நம்பறது? அன்னைக்குத் துரை முன்னாடி, பொணம் கிடக்கையில சொன்னது ஒண்ணு. மூணு வருசம் போயி, களத்துல நின்னு சொல்றது ஒண்ணு. எது கனம்?"

அடுத்து அங்காளம்மாள் பேசினாள். மெல்லத்தான் பேசினாள்.

"இத்தனை நாள் வராதவன் இப்ப ஏன் வந்தான்? இவ கூப்பிட்டு வந்தான்."

"ஆத்தா, நானு..."

"பஸ்ஸு ஓட்டறவன்தானே நீ? தெனம் ரெண்டு தரம் இந்த வழியாப் போறவன்தானே? போன வாரம் இவ அந்த பஸ்ஸுல ஏறிப் போனாளே. எங்க பேசி வெச்சாங்களோ, என்ன பேசி வெச்சாங்களோ. எம் புள்ளை மேல இருக்கற பழி போவுதோ இல்லியோ, இவளுக்கு ஒரு ஆளு வந்துட்டான்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். செல்லியம்மாள் யாரையும் பார்க்கவில்லை. மருதாசலம் கையைக் கூப்பிக்கொண்டு என்னவோ சொல்லப் போனான், மணியக்காரர் தடுத்தார்.

"நீ சொல்றது உண்மைன்னா சர்க்காருக்கு எழுது. அவங்க காயிதத்தை மாத்திக் குடுக்கட்டும். அன்னைக்கு நானே இந்த ஊர்ல தண்டோராப் போடச் சொல்றேன்."

களத்தை விட்டு வெளியே வரும்போது செல்லியம்மாள் பின்னால் வந்தாள். பத்தடி தள்ளியே நின்றாள். "எழுதுங்க," என்றாள். "ஆனா காயிதம் வர்ற வரைக்கும் இந்தப் பக்கம் வராதீங்க."

சேலம் கலெக்டர் கச்சேரிக்கு எதிரில் மனு எழுதுகிறவரிடம் போய் உட்கார்ந்தான். ரெஜிமெண்டு, நம்பர், தேதி, கணவாயின் பெயர் எல்லாம் சொன்னான். மனு எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "உமக்கு என்ன வந்துது? ஜெயிலுக்குப் போக ஆசையா?"

"எழுதுங்க."

எழுதி, டைப் அடித்து, ரிஜிஸ்டர் தபாலில் போய்ச் சேர்ந்தது. மாதங்கள் ஓடின. கண்டக்டர் நாச்சிமுத்து, கல்மேட்டுத் தடம் வந்தால் ஒரு தடவை கூடுதலாக விசில் கொடுத்துச் சிரிப்பான். ஆத்தூர் வரை கதை போய்விட்டது. பாப்பாயி காதுக்கும் வந்தது. அன்றிலிருந்து சோற்றைப் போட்டுவிட்டு அவள் எதிரில் உட்காருவதில்லை. மாசியில் அங்காளம்மாள் மருமகளைத் தனியாக வைத்துவிட்டாள் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள். பாக்குத் தோப்பின் மூலையில் ஒரு குடிசை. கூலி வேலைக்கும் கூப்பிட யோசிக்கிறார்களாம். முன்பு கொலைகாரி என்று ஒரு பெயர்தான். இப்போது இரண்டு.

வைகாசியில் பதில் வந்தது. மனு எழுதுகிறவர் படித்து, தமிழில் சொன்னார். இன்ன தேதி மனு கிடைத்தது. சம்பவ இடத்தில், சம்பவம் நடந்த மூன்றாம் நாள், அதே மனுதாரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலம் பதிவில் இருக்கிறது. காலம் கடந்து சொல்வதைவிட அதுவே நம்பத்தக்கது. முடிவை மாற்றக் காரணமில்லை. இது பற்றி இனி கடிதம் எழுத வேண்டாம்.

"உம்ம கையெழுத்தே உமக்கு எதிரா நிக்குது," என்றார் மனு எழுதுகிறவர். "தண்டனை எதுவும் இல்லை. தப்பிச்சீர், போங்க."

மறுநாள் மருதாசலம் கல்மேட்டுத் தடத்தில் வண்டியை நிறுத்தினான். யாரும் கை காட்டவில்லை. நாச்சிமுத்து என்னவென்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இறங்கினான். பாக்குத் தோப்பு ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். செல்லியம்மாள் வாய்க்காலில் தண்ணீர் மடை திருப்பிக்கொண்டிருந்தாள். அவனையும் அவன் கையில் இருந்த நீலக் காகிதத்தையும் பார்த்தாள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"வந்துருச்சுங்களா?"

அவனுக்கு ஒரு நினைப்பு ஓடியது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. மாற்றிவிட்டார்கள் என்று சொல்லலாம். ஒரு நாளாவது, மணியக்காரர் வாங்கிப் படிக்கிற வரைக்குமாவது, அந்த முகம் வேறு மாதிரி இருக்கும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரு பொய்யால் வந்த இடம் இது என்று அவனே அடக்கிக்கொண்டான்.

"மாத்த முடியாதுன்னு எழுதியிருக்காங்க அம்மணி. நானு அன்னைக்குப் போட்ட கையெழுத்தே போதுமாம். இனிமே எழுதக்கூடாதாம்."

அவள் அழவில்லை. காகிதத்தை வாங்கக் கையும் நீட்டவில்லை.

"உங்களைச் செயில்ல போடுவாங்களா?"

"இல்லீங்க. எனக்கு ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணும் இல்லியா," என்றாள். அதை ஒரு தடவைதான் சொன்னாள்.

ரோட்டில் நாச்சிமுத்து ஹாரனை அமுக்கினான். ஜன்னலெல்லாம் தலைகள் நீண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தன. செல்லியம்மாளும் அந்தத் தலைகளைப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்க வந்து சொன்னதுக்கு முந்தி, எங் கையால போயிட்டாருன்னு நெனச்சு தெனமும் அவருகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டு இருந்தேன். அதுல அவரு கூட இருந்தாரு. இப்ப அதுவும் கேக்க முடியல. ஊருக்கு முன்னாடி பழியும் போவல." கொஞ்சம் நிறுத்தினாள். "போங்க. இனிமே இங்க வண்டிய நிறுத்தாதீங்க. ஆளு கை காட்டினாலும் தள்ளிப் போயி நிறுத்துங்க."

அவள் குனிந்து மடையை வெட்டிவிட்டாள். தண்ணீர் அடுத்த பாத்திக்குத் திரும்பியது. மருதாசலம் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தான். வண்டியில் அவனுக்காக எல்லோரும் பேச்சை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவன் ஏறி உட்கார்ந்து கிளப்பியதும், கியர் விழுவதற்கு முன்பே, மறுபடி தொடங்கினார்கள்.